ஏழாவது வரிசையில் ஒரு இடைவெளி

ஆமா, நான்தான். பேப்பர்ல வந்த படத்துல ஒரே வாழையிலையில ரெண்டு பொம்பளைங்க சோறு திங்கிற மாதிரி இருந்துச்சே, அதுல இடது பக்கம் சிரிக்கிறது நான்தான். நீ கூடலூர்ல ஏறுனதுல இருந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு வர்றியே, என்னா இதுன்னு நினைச்சேன். கேட்டுட்ட, நல்லது. கேக்காம பார்க்குறவங்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ, அது சிரிப்பு இல்ல. ஃபோட்டோ எடுத்த ஆளு "பல்லு தெரியட்டும்மா, பல்லு தெரியட்டும்மா"ன்னு உயிரை எடுத்தான். காட்டினேன். பக்கத்துல உக்காந்திருக்கா பாரு, மாதி, அவ காட்டல. எத்தனை தடவை கேட்டும் காட்டல. கீழ எழுதியிருந்தான், "பழங்குடியினரும் குடியேறியவர்களும் ஒரே இலையில், மலர்ந்தது நல்லிணக்கம்"னு. மலர்ந்துச்சாம். இவன் வந்து தண்ணி ஊத்தினானாக்கும்.

குடியேறியவங்களாம். நாப்பத்தெட்டு வருஷமா இந்த மலையில இருக்கேன். இன்னும் நாங்க குடியேறியவங்க. அங்க, சிலோன்ல இருந்தப்ப இந்தியாக்காரன்னு சொல்லித் துரத்துனாங்க. இங்க வந்தா சிலோன்காரங்க. எந்த ஊர்லதான் நாங்க ஊர்க்காரங்க, சொல்லு?

என்னா வண்டி நின்னுருச்சு? யானையா? சரி, ஃபாரஸ்ட்காரங்க வந்து விரட்டுற வரைக்கும் இங்கதான். உனக்கு அவசரமில்லையே? எனக்கும் ஒண்ணுமில்ல. முட்டி வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன். வீட்டுல போயி செய்ய நூறு வேலை கிடக்கு, செய்யத்தான் ஆள் இல்ல. அதையும் சொல்றேன், இரு.

எங்களுக்கு ரெண்டு ஏக்கர் தேயிலை. என் மாமனார் வந்த புதுசுல ஒருத்தர்கிட்ட முத்திரைத்தாள்ல எழுதி வாங்குனது. பட்டா கிடையாது. இந்தப் பக்கம் யாருக்குத்தான் பட்டா இருக்கு? எங்க தோட்டத்துக்குக் கீழ, வயலை ஒட்டி, பணியர் காலனி, பேப்பர்ல பழங்குடின்னு போட்டிருந்தானே, அவங்க. ஒன்பது வீடு. அந்த இடத்தை அவங்க பாடின்னு சொல்லுவாங்க. மாதி அங்கதான். முப்பத்தெட்டு வருஷமா எங்க தோட்டத்துல கொழுந்து எடுத்தவ. எங்க வீட்டுல பாத்திரம் கழுவுனவ. என் மூத்தவளை இடுப்புல தூக்கி வளர்த்தவ. கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி வச்சிருந்தேன். கேட்டுப் பாரு அவளையே. இல்ல, கேக்காத. இப்ப கேட்டா வேற மாதிரி சொல்லுவா.

போன வருஷம் ஆனி மாசம் அவ புருசன் கரியன் செத்துட்டான். நல்ல மனுசன், குடிப்பான், ஆனா நல்ல மனுசன். எப்பேர்ப்பட்ட மழை தெரியுமா அன்னைக்கு? எங்க தோட்டத்துக்கு மேல ஓரத்துல அவங்க சுடுகாடு ஒரு துண்டு இருக்கு. முன்னாடி எங்க தேயிலைக்கு நடுவால தூக்கிக்கிட்டுப் போவாங்க, நாங்க ஒண்ணும் சொன்னதில்ல. பத்து வருஷத்துக்கு முந்தி காட்டுப்பன்னி தொல்லை தாங்காம எங்க வீட்டுக்காரர் சுத்தி முள்ளுக்கம்பி போட்டாரு. பன்னிக்குப் போட்டதும்மா. மனுசனுக்கா போட்டோம்?

மாதியோட அண்ணன் மகன் வந்து, வேலியை ஒரு இடத்துல பிரிச்சு விடுங்க, பொணத்தைக் கொண்டு போகணும்னு கேட்டான். எங்க வீட்டுக்காரர் முடியாதுன்னுட்டாரு. "இன்னைக்கு வழின்னு கேப்பீங்க, நாளைக்கு நிலம்னு கேப்பீங்க"ன்னாரு. அவரு சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. ரோட்டைச் சுத்திப் போனா ரெண்டு மைலு, அந்த மழையில முடியாதுன்னு அவங்க காலனிக்குப் பின்னாடியே, வயலோரத்துல குழி வெட்டினாங்க. வெட்ட வெட்டத் தண்ணி. வாளியால இறைச்சு ஊத்திட்டுப் புதைச்சாங்களாம். நான் போகல. ஆனா கோடித்துணி நான்தான் குடுத்து விட்டேன். புதுத்துணி, பிரிக்காதது. அதை யாராவது பேப்பர்ல எழுதுனாங்களா?

மூணாம் நாள் காலையில பார்த்தா வேலியை நாலு இடத்துல அறுத்துப் போட்டிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் போலீசுக்குப் போனாரு. மூணு பேரைப் பிடிச்சாங்க. ரெண்டு வாரம் உள்ள இருந்துட்டு வந்தாங்க. அதுல மாதி அண்ணன் மகனும் ஒருத்தன். அதோட காலனியில இருந்து ஒருத்தரும் எங்க யாரு தோட்டத்துக்கும் வேலைக்கு வரல. மாதியும் வரல. கொழுந்து முத்திப் போச்சு.

அப்பத்தான் ரெஜினா டீச்சர் உள்ள வந்தாங்க. பள்ளிக்கூடத்துல இருபது வருஷமா இருக்காங்க, ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களுக்கும் அவங்கதான் எழுத்துச் சொல்லிக் குடுத்தது. அதனால யாராலயும் மறுத்துப் பேச முடியாது. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கமும் சேர்ந்து உக்காரணும்னாங்க. ஒரு மாசம் பள்ளிக்கூடத்துல, மறு மாசம் காலனியில. இவங்க சமைச்சா அவங்க பரிமாறணும், அவங்க சமைச்சா இவங்க. சாப்பிட்டு முடிச்சதும் ஆளுக்கு ஒரு விஷயம், மனசுல கிடக்குறதைச் சொல்லணும். அடுத்தவங்க குறுக்க பேசக் கூடாது. அதுதான் சட்டம்.

எங்க வீட்டுக்காரர் நான் வரமாட்டேன்னுட்டாரு. நான் போனேன். எதுக்குப் போனேன்? மாதி வருவா, பேசிக் கூட்டிட்டு வந்துரலாம்னுதான் போனேன். மறைக்க என்னா இருக்கு.

முதல் கூட்டத்துல நாங்கதான் சமைச்சோம். சாம்பார், பொரியல், பாயாசம். பந்தியில மாதி எனக்கு நேர் எதிர உக்காந்திருந்தா, நிமிர்ந்து பார்க்கல. சாப்பிட்டு முடிச்சு அவங்க முறை வந்தப்ப ஒரு சின்னப் பொண்ணு, நர்ஸுக்குப் படிக்குது, எந்திரிச்சுச் சொல்லுது: "எங்க அத்தைக்கு வேலை செய்யுற வீட்டுல தனி டம்ளர். வீட்டுக்குப் பின்னாடி, விறகுக்கு மேல கவுத்து வச்சிருப்பாங்க." யாரு வீடுன்னு சொல்லல. ஆனா எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

தனி டம்ளர்தான். இல்லைங்கல. எங்க மாமியார் காலத்துல இருந்து இருந்த பழக்கம், நானா கண்டுபிடிச்சேன்? ஆனா சுத்தமா கழுவித்தான் வச்சிருக்கும். எங்க வீட்டு டம்ளரை விட அது பளபளன்னு இருக்கும். யாரு கழுவுவான்னா கேக்குற? அவதான் கழுவுவா. எல்லாப் பாத்திரமும் அவதானேம்மா கழுவுவா.

ரெண்டாவது கூட்டம் காலனியில. அவங்க கப்பக்கிழங்கும் மீனும் பண்ணியிருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது. அன்னைக்கு டீச்சர், "தவமணி அக்கா, நீங்க சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு வயித்தெரிச்சல். எங்களுக்கு மட்டும் கஷ்டம் இல்லையா, நாங்க என்னா மாளிகையில இருந்தா வந்தோம்னு மனசுல. எந்திரிச்சுச் சொல்ல ஆரம்பிச்சேன்.

சிலோன்ல, அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தேன். லயத்துல, அந்த வரிசை வீட்டுல, ஒரு அறையில ஏழு பேரு. எனக்குப் பதினொரு வயசுல அம்மா செத்துட்டா. லயத்துக்குப் பின்னாடி மேட்டுல, ஒரு கித்துல் பனை மரத்துக்குக் கீழ புதைச்சாங்க. மூணு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம நான் போயி விளக்கு வைப்பேன். அப்பறம் இந்தியாவுக்கு அனுப்புற லிஸ்ட்டுல பேரு வந்துருச்சு, கிளம்புன்னுட்டாங்க. தலைமன்னார்ல கப்பல் ஏறுறப்ப எல்லாரும் பெட்டியைத் தேடி அழுறாங்க, பாயைத் தேடி அழுறாங்க. எங்கப்பா மட்டும், "உங்கம்மாவை விட்டுட்டுப் போறோமே"ன்னு அழுதாரு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்த இடத்துல ஒரு விளக்கு வைக்க எனக்குக் குடுத்து வைக்கல. இதைச் சொன்னேன்.  சுத்தி உக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் மூக்கைச் சிந்துறாங்க. டீச்சர் கண்ணைத் துடைக்கிறாங்க. சரி, இப்பத் தெரியட்டும் எங்க கஷ்டமும்னு உக்காந்தேன்.

அப்பத்தான் மாதி எந்திரிச்சா. முப்பத்தெட்டு வருஷத்துல அவ நாலு பேருக்கு முன்னாடி பேசி நான் பார்த்ததில்ல.

"அம்மா, உங்கம்மா குழி மேல இப்ப என்னா இருக்கு?"ன்னு கேட்டா.

"தெரியலையே மாதி"ன்னேன். ஆறுதலா கேக்குறான்னு நினைச்சேன் பாரு.

"உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும். என் பிள்ளை குழியைச் சுத்தித் தேயிலை நிக்குது. நீங்க நட்டது"ன்னா.

அவ்வளவுதான். சொல்லிட்டு உக்காந்துட்டா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. குறுக்க பேசக் கூடாதுன்னு சட்டமாம், மண்ணாங்கட்டி சட்டம். "பொய்! மேல ஓரம் மட்டும்தான் சுடுகாடு, அதைத் தொடவே இல்ல. நாங்க நட்ட இடம் வெறும் புதரு!"ன்னு கத்தினேன். "என் சோத்தைத் தின்னுட்டு என்னையே நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுறியா?"ன்னும் கேட்டேன். ஆமா, அதையும் சொன்னேன்.  கை கூடக் கழுவல, அப்படியே வந்துட்டேன்.

பத்து நாள் தூக்கமில்ல, சாப்பாடில்ல. கோபம். தேயிலைக்குள்ள நடந்தாலும் அவ சொன்னதுதான். எங்க வீட்டுக்காரர் வேற, "நான்தான் போகாதன்னு சொன்னேனே, போன, நல்லா வாங்கிட்டு வந்தியா"ன்னு பொழுது விடிஞ்சா பொழுது போனா இதே பாட்டு. பதினோராம் நாள் காலையில கிளம்பி நேரா காலனிக்குப் போனேன். மாதி வாசல்ல விறகு பொளந்துக்கிட்டிருந்தா.

"வா"ன்னேன்.

"எங்கம்மா?"

"ஊரைக் கூட்டி வச்சு சொன்னியே. வந்து காட்டு. எந்த இடம்னு காட்டு. காட்டாம உன்னை விட மாட்டேன்."

கோடாலியைக் கீழ வச்சுட்டு வந்தா.  எங்க வாசல் வழியாத்தான் தோட்டத்துக்குள்ள போனோம், அறுத்த வேலியைத்தான் திரும்பக் கட்டியாச்சே. அவ முன்னாடி, நான் பின்னாடி. எங்கயாவது தயங்குவா, தேடுவா, அங்கயா இங்கயான்னு முழிப்பா, பிடிச்சுக்கலாம்னு பார்த்துக்கிட்டே போறேன். தயங்கவே இல்ல. ஏழாவது வரிசையில திரும்பினா. சில்வர் ஓக் மரத்துல இருந்து நாலு செடி தள்ளி, ஒரு செடி இல்லாம காலியா ஒரு இடம் இருக்கும், அங்க போயி நின்னா. குத்த வச்சு உக்காந்து கையை மண்ணுல வச்சா.

"இங்க"ன்னா.

எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. அந்த இடத்தை எனக்குத் தெரியாதா? அது ஒரு கெட்ட இடம்மா. மத்த எல்லா இடத்துலயும் செடி ஜம்முன்னு வரும், அங்க மட்டும் நிக்காது. ஒவ்வொரு ஆடி மாசமும் நர்சரியில இருந்து நாத்து வாங்கியாந்து நானே என் கையால அந்த இடத்துல நடுவேன். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா காஞ்சு கிடக்கும். சாணி போட்டுப் பார்த்தேன், சுண்ணாம்பு போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல. பதினேழு வருஷம் நட்டேன். பதினேழு நாத்து. அப்பறம் விட்டுட்டேன்.

"இங்க மண்ணே சரியில்ல, செடியே வராது. இந்த இடத்தைப் போயி காட்டுறியே"ன்னேன்.

"மண்ணு நல்ல மண்ணும்மா."

"பின்ன ஏன் நிக்கல?"

"நான்தான் புடுங்கினேன்"னா.

எனக்குப் புரியல. "என்னாத்தை?"ன்னேன்.

"நாத்தைத்தான். நீங்க நடுவீங்க. பத்து நாள் பார்ப்பேன். அப்பறம் கொழுந்து எடுக்க வர்றப்ப வேரை இழுத்து விட்டுருவேன். வெளிய பார்த்தா தெரியாது. அதுவா காஞ்சுரும்."

பதினேழு வருஷம்! எனக்கு முதல்ல வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் அவகிட்டத்தானே புலம்புவேன்! "மாதி, பாருடி, இந்த வருஷமும் போச்சு"ன்னு. அவளும் பக்கத்துல நின்னு, "ஆமாம்மா, போச்சு"ன்னு சொல்லுவா. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுவா. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

அதைத்தான் கேட்டேன். "ஏண்டி, சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்மா"ன்னா. "தேயிலைக்குக் குழி வெட்டுறப்பவே சொன்னேன். பெரியவர்கிட்டச் சொன்னேன், இங்க எங்க ஆளுங்க இருக்காங்க, இந்த இடம் மட்டும் வேண்டாம்னு. நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க."

நான் நின்னேனாம். முப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி. யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்? எனக்கு ரெண்டாவது பிள்ளை வயித்துல. ஒரே வாந்தி. மாமனார் மேல் பக்கத்துலயும் தேயிலை வைக்கக் குழிக்கு முளை அடிச்சுக்கிட்டிருந்தாரு, நான் ஆளுங்களுக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தேன். இவ வந்து அவர்கிட்ட ஏதோ சொன்னா. அவரு, "வேலையைப் பாரு, போ"ன்னாரு. நான் கஞ்சியை ஊத்திட்டு வந்துட்டேன். அவ்வளவுதான் ஞாபகம். வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல.

"பெரியவர் கேக்கல"ன்னா மாதி. "எப்படியும் வெட்டத்தான் போறாங்க. வேற ஆளு கடப்பாறை என் பிள்ளை மேல படக் கூடாதுன்னு, இந்த வரிசையை நான் வெட்டுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். இந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டாம விட்டேன். கேட்டதுக்கு அடியில பாறைன்னு சொன்னேன்."

அப்பறம் எந்திரிச்சு ஒவ்வொரு செடியா காட்டுறா. இது என் மாமியாரு வெள்ளச்சி. இது அவளோட மாமன். இது பேறுகாலத்துல போன நாத்தனார். இந்த ரெண்டும் ஒரே காய்ச்சல்ல போன அண்ணன் தம்பி. பதினொரு பேரு. ஒவ்வொரு பேரா சொல்லிச் சொல்லி, அந்தந்தச் செடி மேல கையை வச்சு. என் ரெண்டாவது பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு இந்தச் செடியிலதான் அவ கொழுந்து எடுத்தா. நான் பின்னாடியே நின்னு, "கை வேகமா போகட்டும், கை வேகமா போகட்டும்"னு சொல்லுவேன்.

"பிள்ளை பேரு என்னா?"ன்னு கேட்டேன். முப்பத்தஞ்சு வருஷமாச்சு அது போயி, இவளுக்கு ஒரு பிள்ளை இருந்து செத்துச்சுன்னு எனக்குத் தெரியும், பேரு தெரியாது.

"சிருதை"ன்னா. "எட்டு மாசம். உக்கார ஆரம்பிச்சிருந்துச்சு."

 வீட்டுக்கு வந்துட்டேன்.

வந்தா, இந்த மனுசன் வாசல்லயே நிக்கிறாரு. "என்னா, நிலத்தைச் சுத்திக் காட்டுனாளா? இந்தா பாரு, நாளைக்குக் கலெக்டர்கிட்டப் போயி பட்டா கேப்பா." எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். யாரு மேலன்னு தெரியல. மாதி மேல, செத்துப் போன மாமனார் மேல, டீச்சர் மேல, இந்தாளு மேல, எல்லார் மேலயும்.

"உனக்கு இருக்கா?"ன்னு கேட்டேன்.

"என்னாது?"

"பட்டா. உனக்கு இருக்கா? இல்லாத பட்டாவை யாரு உன்கிட்ட இருந்து பிடுங்கப் போறா?"

கல்யாணம் ஆகி நாப்பது வருஷத்துல அந்தாளை நான் நீன்னு பேசுனதில்ல. அன்னைக்குப் பேசிட்டேன்.  உள்ள போயி அவரு கம்பி முறுக்குற கொறடு இருக்கே, அதை எடுத்தேன். நேரா கீழ போனேன், காலனியைப் பார்த்த பக்கத்துக்கு. கம்பி ஒவ்வொண்ணா அறுத்தேன். வயசாச்சுல்ல, ஒவ்வொரு கம்பிக்கும் ரெண்டு கையும் போட்டு அமுக்கணும். முள்ளு கிழிச்சு ரத்தம். இந்தா பாரு தழும்பு. "பைத்தியமாடி உனக்கு"ன்னு அவரு மேல நின்னு கத்துறாரு. "போலீசுக்குப் போயி சொல்லு, என் பொண்டாட்டி வேலியை அறுத்துட்டான்னு சொல்லு, போ"ன்னு நானும் கத்தினேன். காலனிக்காரங்க எல்லாம் வெளிய வந்து நின்னு பார்க்குறாங்க. ஒருத்தரும் கிட்ட வரல. மாதி மட்டும் கொஞ்சம் முன்னாடி வந்து நின்னா. உதவிக்கு வரல. நின்னு பார்த்தா, அவ்வளவுதான். கீழ அறுத்து முடிச்சு, மேல ஓரத்துக்கும் போயி அங்கயும் அறுத்தேன். ஆள் போற அளவுக்கு வழி.

மூணாவது கூட்டத்துல எந்திரிச்சு எல்லாரு முன்னாடியும் சொன்னேன். வழி இனிமே திறந்துதான் இருக்கும். ஏழாவது வரிசையில இருந்து மேல ஓரம் வரைக்கும் இனி கொழுந்து எடுக்க மாட்டோம், செடியைப் பிடுங்கணும்னா பிடுங்கிக்கங்க, எங்க வீட்டுக்காரர் கேஸை வாபஸ் வாங்குவாருன்னு. அவரைக் கேக்காமத்தான் சொன்னேன். ஊர் பூரா தெரிஞ்சதுக்கப்புறம் அந்தாளுக்கு வேற வழி? முனகிக்கிட்டே போயி, சமாதானமாப் போறோம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. ஒரு மாசம் என்கூடப் பேசல. நிம்மதியா இருந்துச்சு.

அப்பறம் ஒரு நாள் வயலோரத்துக் குழியில இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, துணியில முடிஞ்சு, காலனி ஆளுங்க எல்லாம் எங்க தேயிலை வழியா மேல போனாங்க. கரியனை அவன் ஆளுங்ககிட்டக் கொண்டு போயி விட்டாங்க. மேளம் அடிச்சுக்கிட்டு. நான் வீட்டுக்குள்ள இருந்து பார்த்தேன். என்னைக் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்.

அதுக்கு அடுத்த கூட்டத்துலதான் அந்த ஃபோட்டோ. எங்கிருந்தோ ரெண்டு பேரு காரைப் போட்டுக்கிட்டு வந்துட்டாங்க. ஒரே இலையில உக்காருங்கன்னு அவங்கதான் உக்கார வச்சாங்க. எங்க வழக்கத்துல ஆளுக்கு ஒரு இலை, அவங்க வழக்கத்துலயும் ஆளுக்கு ஒரு இலை. யாரு ஒரே இலையில திங்கிறா?

இப்ப நீ சொல்லு. நான் என்னா குறை வச்சேன்? வேலியை அறுத்தேன். புருசனைப் பகைச்சேன். எங்க ஆளுங்க, "தவமணி நம்மளைக் காட்டிக் குடுத்துட்டா"ன்னு பேசுறாங்க. என் ரெண்டாவது மகன் திருப்பூர்ல இருந்து ஃபோன் பண்ணி, "உனக்கு அறிவிருக்காம்மா"ன்னு கேக்குறான். எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். சரி, எல்லாம் முடிஞ்சுது, இனி மாதி வேலைக்கு வந்துருவான்னு இருந்தேன். திங்கக்கிழமை பார்த்தேன், வரல. செவ்வாய் வரல. அந்த வாரம் பூரா வரல. விசாரிச்சா, அந்தப் பக்கம் ஒருத்தர் இஞ்சிக் காட்டுக்கு வேலைக்குப் போறாளாம். எங்க தோட்டத்து வழியாத்தான் போறா! நான் அறுத்து விட்ட வழியில! காலையில ஏழு மணிக்குத் தூக்குச்சட்டியோட என் வீட்டுக்கு முன்னாடியே போறா.

பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் நானே அவ வீட்டுக்குப் போனேன். உள்ள வாங்கன்னா. முப்பத்தெட்டு வருஷத்துல அவ வீட்டுக்குள்ள நான் போனதில்ல. பாயைப் போட்டா, உக்காந்தேன். கட்டஞ்சாயா, பாலில்லாத டீ, போட்டுக் குடுத்தா, குடிச்சேன்.

"எப்ப வர்ற?"ன்னேன்.

"எங்கம்மா?"

"எங்கன்னா? வேலைக்கு."

"வரலம்மா."

"ஏன், இன்னும் கோபமா?"

"கோபம் இல்ல."

"பின்ன? நீ கேட்டதெல்லாம் செஞ்சேனே. நீ கேக்காததையும் செஞ்சேனே."

"செஞ்சீங்க"ன்னா. "நல்லது செஞ்சீங்க. அதுக்காக நான் பாத்திரம் கழுவ வரணுமா?"

 "அப்ப இத்தனை வருஷம் நீ என் வீட்டுல இருந்ததுக்கு ஒண்ணுமே இல்லையா? உன்னைத் தங்கச்சி மாதிரி..."ன்னு ஆரம்பிச்சேன். அவ என் முகத்தைப் பார்த்தா. திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல. சும்மா பார்த்தா. நான் சொல்ல வந்ததை முடிக்கல. டம்ளரைக் கீழ வச்சுட்டு வந்துட்டேன்.

இந்தா, வண்டியை எடுக்குறான். யானை போயிருச்சு போல. அடுத்த வளைவு தாண்டுனா நான் இறங்கணும். முடிச்சிர்றேன்.

போன ஞாயித்துக்கிழமை காலனியில கூட்டம். போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். எதுக்குப் போகணும்? வீட்டுல பாத்திரம் மலை மாதிரி, இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான்தான் கழுவுறேன். அப்பறம், போகலன்னா பயந்துட்டான்னு நினைப்பாங்கன்னு போனேன். கொஞ்சம் லேட்டு. எல்லாரும் பந்தியில உக்காந்துட்டாங்க. எங்க ஆளுங்க ஒரு பக்கமா நெருக்கி உக்காந்துக்கிட்டு, என்னைப் பார்த்ததும் குனிஞ்சு சாப்பிடுறாங்க. ஒருத்தரும் நகர்ந்து இடம் விடல. அந்தப் பக்கமும் நிறைஞ்சிருக்கு. நடுவுல நிக்கிறேன். சரி, திரும்பிப் போயிரலாம்னு செருப்பைத் தேடுறேன்.

"தவமணி"ன்னு யாரோ கூப்பிட்டாங்க.

எங்க ஆளுங்க என்னை அக்கான்னு கூப்பிடுவாங்க, சித்தின்னு கூப்பிடுவாங்க. எங்க வீட்டுக்காரர் ஏய்னு கூப்பிடுவாரு. எங்கப்பா செத்ததுக்கப்புறம் என்னை யாரும் வெறும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. பார்த்தா மாதி. சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. அம்மா இல்ல, அக்கா இல்ல, ஒண்ணும் இல்ல. தவமணியாம். பக்கத்துல இருந்தவளை நகரச் சொல்லிட்டு, தரையைக் கையால தட்டுறா, "இங்க வா"ன்னு. வாங்க இல்ல. வா.

எத்தனை திமிரு இருக்கணும் பாரு! அத்தனை பேரு முன்னாடி! என்னையவிட ஒரு வயசு சின்னவ. எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிஞ்சுது. இப்பவும் எரியுது, உன்கிட்டச் சொல்றப்பவே எரியுது. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கணும் நான்.

இந்தா, ஸ்டாப் வந்துருச்சு. கண்டக்டர் தம்பி, விசில் குடு, ஆள் இறங்கணும். அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடும்மா.

என்னா? உக்காந்தேனான்னா கேக்குற?

உக்காந்தேன். அதுதான் எனக்குத் தாங்கல.